மடித்த துணிக்கூரையின் மேல் கவர் எட்டவில்லை என்றால்

கேள்வி சுருக்கமாக இதுதான். பழைய இரண்டு இருக்கை கன்வெர்ட்டிபிள் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கூரையை மடித்துப் பின்னால் இறக்கியதும் அதன் மேல் போட வேண்டிய ரெக்ஸின் கவரும் காருடனேயே வந்திருக்கிறது. பின்பக்க விளிம்பை மாட்டினால் முன்பக்கத்துப் பட்டன்களுக்கு இரண்டு விரல் அகலம் எட்டவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்து மாட்டினாலும் வேகம் கூடியதும் ஒரு மூலை கழன்று படபடக்கிறது. கவர் சுருங்கிவிட்டதா, வேறு காருடையதா, புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். எட்டவில்லை என்று சொல்லப்படும் கவர்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு கவரில் இருப்பதில்லை. அதற்கு அடியில் கூரை மடிந்து கிடக்கும் விதத்தில்தான் இருக்கிறது. இந்தக் கவர் சரியாக மடிந்த கூரையின் உயரத்தைக் கணக்கில் வைத்துத் தைக்கப்பட்டது. மடிப்பு கொஞ்சம் உயர்ந்து நின்றால் கவர் அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதற்குச் செலவாகும் நீளம் விளிம்பில் குறையும். நீங்களோ விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு கவர் சின்னது என்று முடிவுகட்டுகிறீர்கள்.

இந்தக் கவர் எதற்கு என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லா கன்வெர்ட்டிபிளுக்கும் இது தேவையில்லை. பழைய அமைப்புகளில் கூரை பின்னோக்கிக் கவிழ்ந்து மடியும்போது அதன் உட்புறம், அதாவது சட்டமும் குறுக்குக் கம்பிகளும் உள்துணியும், வானத்தைப் பார்த்துக் கிடக்கும். வெயிலுக்கும் தூசிக்கும் என்று செய்யப்படாத பகுதி அது. போதாததற்குக் காற்று அதைப் பிடித்து அடித்துக்கொண்டே இருக்கும். கவர் அதைத்தான் மறைக்கிறது. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் கூரை இசட் வடிவில் மடிகிறது. கூரையின் முன்பகுதி நிமிர்ந்தபடியே வந்து மேலே அமர்ந்து தானே மூடியாகிவிடுவதால் அந்தக் காருக்குத் தனிக் கவர் வேண்டியதில்லை. வேறு சில கார்களில் உலோக மூடி ஒன்று கூரையை விழுங்கிக்கொள்ளும். உங்களுடையது இந்த இரண்டு வகையும் இல்லை என்பது கேள்வியிலிருந்தே தெரிகிறது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கவரை ஓரமாக வைத்துவிட்டுக் கூரையை மறுபடி முழுவதும் மேலே ஏற்றுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பின் ஜன்னல். அது வளையக்கூடிய பிளாஸ்டிக்காக இருந்து, சுற்றிலும் ஜிப் இருந்தால், கூரையை இறக்கும் முன்பே ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் இப்படித்தான் செய்ய வேண்டும். ஜிப்பைத் திறக்காமல் தள்ளினாலும் கூரை மடியத்தான் செய்யும். ஆனால் ஜன்னல் நடுவில் வளைந்து வில்போல நிமிர்ந்து நிற்கும். நாளடைவில் அந்த வளைவில் பழுப்பான கோடும் பிறகு விரிசலும் விழும். உங்களுக்குக் குறையும் இரண்டு விரல் அகலம் பெரும்பாலும் இந்த வளைவுக்குள்தான் போயிருக்கும். எனவே கவரில் கை வைக்கும் முன் இதைச் சோதியுங்கள்.

படுக்கவைத்த பிளாஸ்டிக் ஜன்னலின் மேல் மெல்லிய, சுத்தமான பருத்தித் துணி ஒன்றை விரித்துவிட்டு மடிப்பது நல்லது. சட்டத்தின் கம்பிகள் அதன் மேல் உரசிக் கீறல் போடாது. மெல்லிய துணியாக இருக்கட்டும். தடித்த துவாலையை உள்ளே வைத்தால் நாமே மடிப்பை உயர்த்தியது போலாகிவிடும். குளிரில் பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்கவே கூடாது. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நான் அதைத் தொடுவதில்லை. விறைத்த பிளாஸ்டிக் வளையும்போது கண்ணாடி மாதிரியே உடையும்.

அடுத்தது பக்கங்கள். கூரையைப் பாதி இறக்கிய நிலையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கதவு ஜன்னலுக்கு மேலே வரும் துணி எங்கே போகிறது என்று கவனியுங்கள். சட்டத்தின் கீல்கள் மடங்கும் இடத்தில் அந்தத் துணி வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்கும். அதைக் கையால் உள்பக்கமாக இழுத்துச் சட்டத்துக்கு உள்ளே படியவிட வேண்டும். படியவிடாமல் இறக்கினால் இரண்டு கெடுதல்: துணி கீலுக்கு நடுவே நசுங்கி நாளடைவில் ஓட்டையாகும், பக்கவாட்டில் இரண்டு புடைப்புகள் கிளம்பி, கவரின் மூலைகளை மேலே தூக்கும். உங்கள் கவரின் ஒரு மூலை மட்டும் திரும்பத் திரும்பக் கழல்கிறது என்றால் அந்த மூலைக்கு அடியில் இப்படி ஒரு புடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாரில் இயங்கும் கூரை என்றால் துணியைச் சரிசெய்யும்போது யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. அந்தக் கீல்கள் விரலைத் துண்டித்துவிடும்.

முன் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் கொக்கிகள் இரண்டையும், கூரை கீழே வந்ததும் மூடிய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். திறந்து நிற்கும் கொக்கி கவரை அடியிலிருந்து குத்திக்கொண்டே இருக்கும். பழைய கவர்களில் ஒரே மாதிரி இரண்டு இடங்களில் தேய்ந்து நூல் தெரிவது இதனால்தான். சில கார்களில் மடித்த கூரையை அழுத்திப் பிடிக்க ஒரு வாரோ கொக்கியோ இருக்கும். பழைய காரில் அது அறுந்து காணாமல் போயிருக்கும், புதிய சொந்தக்காரருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அது இருந்ததற்கான வளையமோ ஸ்க்ரூ ஓட்டையோ, கூரை மடிந்து இறங்கும் குழியின் தரையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அதே நீளத்தில் ஒரு வாரைத் தைத்துப் போட்டுவிடலாம். கவருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி அதுதான்.

குழிக்குள் வேறு என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள். குடை, கருவிப்பை, பழைய துணி என்று அங்கே திணித்து வைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உயரம் கூடுவது ஒருபுறமிருக்க, எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் கூரையிலிருந்து வழியும் மழைநீர் வெளியேறும் துளைகள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் இறங்கும்.

இவ்வளவும் செய்து, சட்டத்தைப் பிடித்து (ஜன்னலை அல்ல) கீழே ஒரு அழுத்து அழுத்திய பிறகும் மடிப்பு உயர்ந்தே நிற்கிறது என்றால், கூரை முன்பு எப்போதாவது மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். தொழிற்சாலையிலிருந்து ரெக்ஸின் கூரையோடு வந்த காருக்குப் பிறகு அக்ரிலிக் துணிக்கூரை போட்டிருப்பார்கள். நல்ல அக்ரிலிக் துணி மூன்று அடுக்கு: மேலே நெய்த அக்ரிலிக், நடுவில் ரப்பர், அடியில் இன்னொரு துணி. அழகானது, நீடித்து உழைப்பது, ஆனால் தடிமன் கூடியது. அது பல மடிப்பாக மடியும்போது வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடி ஜன்னல் வைத்த கூரையைப் போட்டிருந்தாலும் மடிப்பின் வடிவமே மாறிவிடும். கண்ணாடி வளையாது அல்லவா. இப்படி மாற்றப்பட்ட காரில் பழைய கவர் பொருந்தாமல் போவது யாருடைய குற்றமும் இல்லை. அந்தக் கூரைக்கு ஏற்ற கவர் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஒரு சிறு விலகல். மடிப்பு காரின் உடலுக்கு மேலே எழும்பி நிற்பது எல்லாக் காரிலும் தவறு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கேப்ரியோலேவும் (கேப்ரியோலே என்றாலும் கன்வெர்ட்டிபிள்தான்), 1979இல் வந்த முதல் கோல்ஃப் கேப்ரியோலேவும் நல்ல கனமான, பல அடுக்குக் கூரை கொண்டவை. இரண்டையும் கட்டியது கார்மன் நிறுவனம். அவற்றில் மடித்த கூரை பின்னால் பெரிய பொதி போலத்தான் உட்காரும். கவரும் அந்தப் பொதிக்கு உறைபோலத் தைக்கப்பட்டது. எதிர்ப்பக்கம் பார்த்தால், எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சில வகைகளில் கூரையை முழுவதும் கழற்றி டிக்கியில் வைத்துவிடுவார்கள். அங்கே கவர் மூடுவது கூரையை அல்ல, வெறும் பள்ளத்தை. ஆகவே இன்னொரு காரின் படத்தைப் பார்த்து உங்கள் காரின் மடிப்பு சரியா தப்பா என்று முடிவு செய்ய வேண்டாம். அதே மாடல், அதே வருடக் காரைத்தான் பார்க்க வேண்டும்.

இனி கவர். ரெக்ஸின் குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். எனவே மாட்டுவதற்கு முன் கால் மணி நேரமாவது வெயிலில் விரித்துப் போடுங்கள், அல்லது சூடான காருக்குள் வைத்திருங்கள். சூடு பட்டால் கவர் நீளும் என்று பலர் நம்புகிறார்கள். அது நீள்வது சில மில்லிமீட்டர்தான். உண்மையான லாபம் வேறு: இளகிய ரெக்ஸின் மேடு பள்ளங்களில் படிந்து உட்காரும், தையல் ஓரங்கள் மடங்கிக்கொடுக்கும், பட்டனுக்கு நேராகக் கொண்டுவந்து அழுத்தும்போது முரண்டு பிடிக்காது. ஹீட் கன் பக்கம் போகவே போகாதீர்கள். ரெக்ஸினின் மேற்பரப்பு பளபளத்து உருகிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அவசரம் என்றால் தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டலாம். அக்ரிலிக் துணிக் கவர் இந்தச் சூட்டுக்கெல்லாம் பெரிதாக மசியாது. அதில் தையல் அளவு என்னவோ அதுதான்.

மாட்டும் ஒழுங்குதான் அடுத்த முக்கிய விஷயம். உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை எனக்கு உறுத்தியது: பின்பக்க விளிம்பை முழுதும் மாட்டிவிட்டு முன்னால் வருகிறீர்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கி முடித்துவிட்டால் மீதியிருக்கும் தொய்வெல்லாம் எதிர்ப்பக்கத்தில் சேராமல் அங்கங்கே சிக்கிக்கொள்ளும். சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக முழுக்க இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது போலத்தான் இதுவும்.

கவரைப் பரப்பி, அதன் நடுக்கோடு காரின் நடுக்கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். பல கவர்களில் நடுவில் ஒரு தையலோ சிறு வெட்டோ இருக்கும். இல்லாவிட்டால் இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து உள்பக்கம் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்விளிம்பில் கடினமான பிளாஸ்டிக் பட்டை இருந்தால் அது உடலில் உள்ள பள்ளத்துக்குள் அல்லது ரப்பர் பட்டைக்கு அடியில் நுழைய வேண்டியது. அதை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே போங்கள். பட்டன்கள் என்றால் பின்னால் நடுவில் உள்ள ஒன்றிரண்டை மட்டும் மாட்டுங்கள். பிறகு முன்னால் வந்து அங்கேயும் நடுவில் உள்ளதை மாட்டுங்கள். இப்போது கவர் முன்னும் பின்னும் நடுவில் நிற்கிறது. அதன்பின் பின்னால் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, முன்னால் வலம், இடம் என்று நடுவிலிருந்து ஓரத்துக்கு நகருங்கள். மூலைகள் கடைசியில். மூலையை மாட்டும் முன் உள்ளங்கையால் கவரின் மேல் நடுவிலிருந்து மூலை நோக்கித் தடவிக்கொண்டு வந்தால் தேங்கி நின்ற தொய்வு மூலைக்கு வந்து சேரும். எட்டவே எட்டாது என்று தோன்றிய பட்டன் அந்தத் தடவலில் எட்டிவிடும்.

இருவர் செய்தால் எளிது. ஒருவர் மடிப்பின் மேல் அழுத்திப் பிடிக்க, மற்றவர் மாட்டலாம். ஒருவர் மட்டும் என்றால் இருக்கைகளை முன்னால் தள்ளிவிட்டு, காருக்குள் முழங்காலிட்டுப் பின்னோக்கிப் பார்த்தபடி முன்விளிம்பை மாட்டுவது வசதி. சீட் பெல்ட் கவருக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் வைத்த பிரேக் விளக்கு இருந்தால் அதைக் கவர் மறைக்கக் கூடாது.

பட்டன்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கவர்கள் பாழாவது அநேகமாக இங்கேதான். வகை தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிடுங்குகிறார்கள். சாதாரண டிச் பட்டன் எல்லோருக்கும் தெரியும்: காரின் உடலில் பொருத்திய குமிழின் மேல் வைத்து அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். கழற்றும்போது விரல் நகத்தைப் பட்டனுக்கு வெகு அருகில், துணிக்கும் உடலுக்கும் நடுவே நுழைத்து மேல்நோக்கித் தூக்க வேண்டும். கவரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பட்டன் குமிழிலிருந்து வருவதற்குப் பதிலாகத் துணியிலிருந்து பிய்ந்து வரும்.

லிஃப்ட்-தி-டாட் என்று ஒரு வகை, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம். இதன் தலையில் ஒரு சிறிய புள்ளி புடைத்திருக்கும். மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும், புள்ளி இருக்கும் பக்கத்தைத் தூக்கினால் மட்டுமே திறக்கும். அதனால்தான் காற்று இழுத்தாலும் கழல்வதில்லை. இது தெரியாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து நெம்பினால் உள்ளே இருக்கும் வில் தகடு வளைந்து, அதன்பின் எந்தப் பக்கமும் பூட்டாது. புதிதாக இந்தப் பட்டன் அடிக்கும்போது புள்ளி கவரின் விளிம்பைப் பார்த்து இருக்க வேண்டும். கவரின் இழுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் இழுப்பே அதைத் திறந்துவிடும். டெனாக்ஸ் வகையில் மேலே ஒரு சிறு குமிழ்ப் பிடி இருக்கும். அழுத்தினால் பூட்டும், அந்தப் பிடியை நேராக மேலே இழுத்தால்தான் விடும். இன்னொரு வகையில் நீள்வட்டக் குமிழை ஓட்டைக்குள் விட்டுக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். அது பார்த்தாலே புரிந்துவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் குமிழ்களில் மெழுகு தடவிவிடுங்கள். சாதாரண மெழுகுவத்தியை ஒருமுறை தேய்த்தால் போதும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடித்துக்கொள்ளும், துணியில் கறை படியும். ஜிப்புக்கும் இதே மெழுகுதான்.

இப்போது காற்று. ஓடும் காரில் முன் கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று பின்னால் நேராகப் போய்விடுவதில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் சுழன்று, ஒரு பகுதி முன்னோக்கித் திரும்பி வருகிறது. கவருக்கு மேலே அழுத்தம் குறைகிறது, அடியில் இருக்கும் காற்று அதை மேலே தள்ளுகிறது. கவர் பலூன்போல் உப்புகிறது. எல்லாப் பட்டனும் சமமாக இழுப்பைப் பகிர்ந்துகொண்டால் ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட இறுகியிருந்தால் அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும், பிறகு அடுத்தது. ஆகவே பலமாக இழுத்து மாட்டுவது காற்றுக்கு எதிரான பாதுகாப்பு அல்ல. சமமாக மாட்டுவதுதான் பாதுகாப்பு. மாட்டி முடித்ததும் நடுவில் உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மேளத் தோல்போல விறைப்பாக இருக்க வேண்டியதில்லை. அலையலையாகவும் இருக்கக் கூடாது. முதலில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மூலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேகம் எடுங்கள். கழன்ற மூலையோடு தொடர்ந்து ஓட்டினால் உலோகப் பட்டன் பெயிண்டில் அடித்துக்கொண்டே வரும். அந்தச் சேதத்தோடு ஒப்பிட்டால் கவரின் விலை ஒன்றுமே இல்லை.

மேலே சொன்னதெல்லாம் செய்தும் எட்டவில்லை என்றால், அப்போது கவர் சுருங்கியிருக்கலாம். ரெக்ஸினை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வருடக்கணக்கான வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். அதன்பின் அது விறைத்து நிரந்தரமாகச் சுருங்கும். கண்டுபிடிக்க எளிய வழி: வெயிலில் நன்றாகச் சூடான பிறகும் கவர் அட்டைபோல மடங்குகிறதா, மடித்த இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றனவா, தையல்கள் சுருக்கிப் பிடித்ததுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. பளபளப்புக்காக விற்கும் எண்ணெய்களால் அதைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர முடியாது. துணி இன்னும் மென்மையாக இருந்து நீளம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைகிறது என்றால், ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் பட்டனும் உள்ள சிறு நீட்டிப்புப் பட்டைகளைத் தைத்துக்கொள்ளலாம். அழகு கொஞ்சம் குறையும், வேலை நடக்கும்.

செய்யக் கூடாதது, உடலில் உள்ள குமிழ்களை இடம் மாற்றுவது. சுருங்கிய கவருக்காக உடலில் புது ஓட்டை போட்டால், நாளைக்குச் சரியான அளவில் புதுக் கவர் வரும்போது மறுபடி பழைய இடத்துக்குப் போக வேண்டும். உடல்தான் அளவுகோல். அதை அப்படியே விட்டுவிட்டுத் துணியில்தான் மாற்றம் செய்ய வேண்டும்.

குமிழே இல்லாமல் போன இடத்தில் புதிதாக வைக்க வேண்டிய நிலை வரலாம். அப்போது முதலில் மறுபக்கம் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். மின் வயர், மோட்டார் கூரை என்றால் ஹைட்ராலிக் குழாய், எரிபொருள் டேங்க்குக்குப் போகும் குழாய், எல்லாமே அந்தப் பகுதியில் ஓடக்கூடியவை. பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் குறியுங்கள். டேப் இருந்தால் டிரில் வழுக்காது, பெயிண்டும் பெயராது. துளையின் ஓரத்தில் பிரைமர் தடவிக் காய்ந்த பிறகே ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைப் போடுங்கள். இல்லையேல் துரு அந்த ஓட்டையிலிருந்துதான் தொடங்கும். அலுமினிய உடல் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நேராகப் படாமல் நைலான் வாஷரும் சீலன்டும் வையுங்கள், இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்.

உடலில் குமிழ்களை வைத்து முடித்த பிறகுதான் துணியில் பட்டன் அடிக்க வேண்டும், தலைகீழாக அல்ல. கவரைச் சூடாக்கிப் பரப்பி, மேலே சொன்ன ஒழுங்கில் ஒவ்வொரு குமிழின் மேலும் கட்டைவிரலால் அழுத்தினால் துணியில் அதன் தடம் விழும். அந்தத் தடத்தில் சாக்கட்டியால் குறித்து, நடுவில் உள்ளதை மட்டும் அடித்து மாட்டி, பிறகு அடுத்ததைக் குறியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறித்துவிட்டு மேசையில் வைத்து அடித்தால் கடைசி இரண்டு கண்டிப்பாக விலகும். பட்டன் வரும் இடத்தில் துணிக்கு அடியில் இன்னொரு துண்டு வைத்து இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பட்டன்களுக்கு நடுவே 15 முதல் 20 செ.மீ. இருந்தால் காற்றுக்குத் தாங்கும்.

புதுக் கவரேதான் வாங்க வேண்டும் என்று முடிவானால் மாடலையும் வருடத்தையும் மட்டும் சொல்லிவிட்டு வாங்காதீர்கள். கூரை ரெக்ஸினா அக்ரிலிக்கா, ஜன்னல் பிளாஸ்டிக்கா கண்ணாடியா, இருக்கைகளுக்குப் பின்னால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) இருக்கிறதா, குமிழ்கள் எந்த வகை, எத்தனை, எந்த இடைவெளியில் என்று எல்லாம் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் மடித்த கூரையின் மேல் வளையக்கூடிய அளவு டேப்பை வைத்து முன் குமிழிலிருந்து பின் விளிம்பு வரை, நடுவிலும் இரண்டு பக்கமும் அளந்து அந்த மூன்று அளவையும் கொடுங்கள். உள்ளூரில் தைக்கக் கொடுப்பதானால் பழைய கவரை மாதிரியாகக் கொடுக்காதீர்கள். சுருங்கிய கவரைப் பார்த்துத் தைத்தால் புதியதும் சுருங்கிய அளவிலேயே வரும். காரையே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

பராமரிப்பில் ஒன்றிரண்டு விஷயம்தான் உண்மையில் முக்கியம். ஈரக் கூரையை மடித்து மேலே கவரைப் போட்டு மூடிவிடாதீர்கள். காற்றில்லாத அந்த இடத்தில் பூஞ்சை பிடித்துக் கருப்புப் புள்ளிகள் விழும், துணியிலிருந்து அவை முழுதாகப் போகாது. மழையில் வேறு வழியில்லாமல் மடித்துவிட்டால் வீடு சேர்ந்ததும் ஏற்றி உலரவிடுங்கள். கவர் மழைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. நிறுத்திய காரில் நடுவில் தண்ணீர் தேங்கி, அந்தப் பாரத்தில் துணி நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். கவரின் விளிம்பு படும் இடத்தில் பெயிண்டைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அடியில் மாட்டிய மணல், கவரின் ஒவ்வொரு அதிர்விலும் உப்புத்தாள்போல் தேய்க்கும். அடிக்கடி திறந்து ஓட்டுபவர் என்றால் அந்த இடத்தில் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்வது நல்லது. கழுவ மென்மையான சோப்பு நீர் போதும், பிளீச் வேண்டாம். கழற்றிய கவரை மடித்து வைப்பதைவிட உருட்டி வைப்பது மேல். மடித்த கோடுதான் பின்னாளில் வெடிக்கும் கோடு.

கூரையை மறுபடி ஏற்றும்போது முதல் வேலை கவரை முழுவதும் கழற்றி எடுப்பது. முன்பக்கம் மட்டும் விடுவித்துவிட்டு, கவர் பின்னால் தொங்கட்டும் என்று கூரையைத் தூக்காதீர்கள். கையால் ஏற்றும் கூரை என்றால் பாரம் தெரிந்து நிறுத்திவிடுவீர்கள். மோட்டார் கூரைக்கு அந்த உணர்வு இல்லை. ஒரு பட்டன் மாட்டியே இருந்தாலும் அது இழுக்கும், கவர் கிழியும் அல்லது சட்டம் வளையும். சட்டம் வளைந்துவிட்டால் அடுத்த முறை கூரை சரியாக மடியாது.